முக்கால் பங்கு கல்வி

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை நாம் இலக்கண நூல் என்றே அறிவோம். ஆயின் அதன் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கும் உண்டு. ஆசிரியர் சொல்வதைப் பழுதறக் கேட்டுக்கொண்ட மாணவனுக்கு எவ்வளவு கல்வி சேரும்? கால் பங்கு என்கிறார் முனிவர். உடன் பயிலும் தோழரோடு கலந்து பழகினால் இன்னொரு கால் பங்கு சேரும். தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தால் எஞ்சிய அரைப் பங்கும் சேரும். கால், கால், அரை; கூட்டினால் ஒன்று.

நண்பர்களே, இந்தக் கணக்கை நம் கல்லூரி வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். வகுப்புக்குத் தவறாமல் செல்கிறோம். குறிப்பு எடுக்கிறோம். போதாதென்று தனிப்பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டுகிறோம். இவ்வளவும் அந்த முதற் கால் பங்குக்காகவே. மீதி முக்கால் பங்கு விடுதி அறையிலும், நூலக வாயிலிலும், தேநீர்க்கடை பெஞ்சியிலும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. நுழைவுத் தேர்வும் இல்லை. வேண்டுவதெல்லாம், "எனக்கு இந்த இடம் விளங்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு ஒன்றே.

அந்தத் துணிவுதான் நம்மிடையே அரிதாக இருக்கிறது. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் நம் மாணவர் சிலர் மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் எழுத்தறிந்தவர்கள். கல்லூரி வாயிலில் ஆங்கிலத்துக்கு மாறியாக வேண்டும். நண்பர் வட்டத்தில் இந்தி. அலுவலகச் சன்னலில் மராத்தி. இத்தனை மொழிகளுக்கு நடுவே ஐயம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. என் தோழன் ஒருவன் முதலாண்டில் ஒரு வகுப்பில் எழுந்து வினா ஒன்று கேட்டான். வினா நல்ல வினா. ஆனால் ஆங்கில வினைச்சொல்லில் காலம் பிழைத்துவிட்டது. வகுப்பு சிரித்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகள் அவன் எழுந்து நிற்கவே இல்லை. வினைச்சொல்லின் பிழைக்காக ஒரு வினா மாண்டது. அதன் பின்னே வரவேண்டிய நூறு வினாக்களும் மாண்டன.

கணக்கையும் பௌதிகத்தையும் நண்பர்கள் ஒருவர்முன் ஒருவர் வைத்து ஆராய்வது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அறிவியல் வளர்ந்த வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அவ்வரலாற்றின் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்ப்போம். பிறகு நாம் செய்யக்கூடியது யாது என்றும் எண்ணுவோம்.

அஞ்சல் வழி வந்த வகுப்பறை

1907-ஆம் ஆண்டில் வி. இராமசாமி அய்யர் என்பவர் கூத்தி என்னும் ஊரில் டெப்டி கலெக்டராக இருந்தார். கணக்கில் தீராத காதல் கொண்டவர். அந்நாளில் கணித நூலும் அயல்நாட்டுக் கணித இதழும் தனி ஒருவர் வாங்கிப் படிக்க முடியாத விலை. எனவே ஆர்வம் உள்ள சிலரைக் கடிதம் மூலம் ஒன்று சேர்த்துச் சந்தா திரட்டி ஒரு கழகம் தொடங்கினார். நூல்களும் இதழ்களும் பொதுவில் வாங்கப்பட்டு உறுப்பினரிடையே அஞ்சலில் சுற்றி வந்தன. அக்கழகமே பின்னர் இந்தியக் கணிதக் கழகம் ஆயிற்று. 1909 முதல் அது தனக்கென ஓர் இதழையும் நடத்தியது.

அந்த இதழில் கட்டுரைகளோடு வினாப் பகுதி ஒன்றும் இருந்தது. எவரும் ஒரு வினாவை அனுப்பலாம். அதற்கு எண் கொடுத்து, அனுப்பியவர் பெயருடன் அச்சிடுவார்கள். விடை கண்டவர் எழுதி அனுப்பினால், அதுவும் பெயருடன் பின்வரும் இதழில் வெளிவரும். சென்னையில் இருப்பவர் கேட்பார். வேறொரு ஊரில் இருப்பவர் விடை சொல்வார். இருவரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஒரே பலகையின் முன் நின்று எழுதுவோர் போல் ஆகிவிடுவார்கள்.

1911-இல் அப்பகுதியில் ஒரு புதிய பெயர் தோன்றியது: சீ. இராமானுஜன். அப்போது அவருக்கு வயது 23. (எனக்கும் இப்போது அதே வயது, ஒற்றுமை அத்தோடு முடிந்தது.) கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தோற்றவர். கையில் பட்டம் இல்லை. நிலையான வேலை இல்லை. கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடியிருந்தது. இதழின் வினாப் பகுதியோ பட்டத்தைக் கேட்கவில்லை, வினாவைத்தான் கேட்டது. 1911 தொடங்கி 1919 வரை ஏறத்தாழ அறுபது வினாக்களை அவர் அப்பகுதிக்கு அனுப்பினார்.

289-ஆம் வினா

அவற்றுள் புகழ் பெற்றது 289-ஆம் எண்ணுள்ள வினா. ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் மற்றொன்று என முடிவில்லாமல் அடுக்கிச் செல்லும் கோவை அது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...))))

இதன் மதிப்பு என்ன? இதுவே வினா. மூன்று இதழ்கள் வந்தன. ஆறு மாதங்கள் சென்றன. விடை எழுதி அனுப்பியவர் எவருமிலர். இறுதியில் இராமானுஜனே விடையைத் தந்தார். விடை: 3.

வழி எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டக்கூடியது. 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9-ஐ 1 + 8 என்று எழுதலாம். 8 என்பது 2 × 4. ஆகவே 3 = √(1 + 2 × 4). இனி அந்த 4-ஐப் பாருங்கள். 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 15. 15 என்பது 3 × 5. ஆகவே 4 = √(1 + 3 × 5). அவ்வாறே 5 = √(1 + 4 × 6); 6 = √(1 + 5 × 7). ஒவ்வொரு எண்ணையும் அதற்கு உரிய இடத்தில் வைத்துக்கொண்டே போனால் இராமானுஜன் கேட்ட கோவை தானே உருவாகிவிடும். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அது அவ்வெண்ணுக்கு முந்திய எண்ணும் பிந்திய எண்ணும் பெருக்கிய தொகை. பள்ளியில் நாம் அனைவரும் படித்த இந்தச் சிறு சூத்திரமே முழு இரகசியமும்.

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடலாம். "முடிவே இல்லாத அடுக்கு என்கிறாய். பிறகு கடைசியில் இருக்கும் எண்ணை எங்கே ஒளித்து வைத்தாய்?" என்று அவர் கேட்டால், அவரைத் தட்டிக் கொடுங்கள். மிக நல்ல கேள்வி அது. அதற்கு விடை தேடும் வழி, அடுக்கை இடையில் வெட்டிக் கணக்கிட்டுப் பார்ப்பது. √(1 + 2) என்பதோடு நிறுத்தினால் 1.73 வரும். அடுத்த படியில் 2.24, அதற்கடுத்து 2.56; பின்னர் 2.76; பின்னர் 2.87. ஒவ்வொரு படியிலும் உயர்கிறது. ஆனால் 3-ஐத் தாண்டவில்லை. 3-ஐ நோக்கி நெருங்கிக்கொண்டே போகிறது.

இத்தகைய அடுக்கு மூலங்கள் பொதுவாக எப்போது ஓர் எண்ணில் நிலைகொள்ளும், எப்போது கட்டுக்கடங்காமல் பெருகும் என்பது அடுத்த வினா. அதற்கு ஓர் அளவுகோல் கண்டவர் டி. விஜயராகவன் என்னும் தமிழரே. ஹார்டியிடம் பயின்றவர், பிற்காலத்தில் சென்னை இராமானுஜன் கணித நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்தவர். இராமானுஜன் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1927-இல், வெளிவந்த அவருடைய ஆய்வுத் தொகுப்பின் பின்னிணைப்பில் அந்த அளவுகோல் இடம் பெற்றது. ஒரு வினா ஒரு விடையோடு முடிந்துவிடுவதில்லை. அது அடுத்தவருக்கு ஒரு வினாவை ஈன்றுவிட்டுத்தான் செல்கிறது.

இராமானுஜன் தனிமையில் தவமிருந்த மேதை என்றே நாம் கேட்டு வளர்ந்தோம். அது பாதி உண்மை. 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தரானார். அங்கே அவருக்கு மேலாளராக இருந்த எஸ். நாராயண அய்யரும் கணிதக் கழகத்து உறுப்பினர். இருவரும் இரவு நேரங்களில் சிலேட்டு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இராமானுஜன் தாவிச் சென்ற படிகளை விரித்து எழுதும்படி நாராயண அய்யர் வற்புறுத்துவார். தனக்கு விளங்கினால் போதாது, பிறர்க்கும் விளங்க வேண்டும் என்ற பயிற்சியை அந்தச் சிலேட்டுகள் அளித்தன. 1913 சனவரியில் கேம்பிரிட்ஜுக்குச் சென்ற புகழ்பெற்ற கடிதத்துக்கு முன்னே, இந்த இதழும் இந்தச் சிலேட்டும் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

காப்பிக் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் உள்ள லிவீவ் நகரில் 'ஸ்காட்டிஷ் கஃபே' என்றொரு காப்பிக் கடை இருந்தது. 1930-களில் பனாக், மசூர், உலாம் முதலிய கணித அறிஞர்கள் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் பேசுவார்கள். பளிங்கு மேசை மீதே பென்சிலால் எழுதுவார்கள். கடைக்காரர் மேசையைத் துடைத்தால் ஆராய்ச்சியும் அழிந்துபோகும். இதைக் கண்ட பனாக்கின் மனைவியார் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கித் தந்தார். 1935 முதல் வினாக்கள் அதில் ஏறின. புத்தகம் கடையிலேயே இருக்கும். கேட்டால் பணியாள் எடுத்துத் தருவார்.

வினாவுக்குப் பரிசும் உண்டு. ஒன்றுக்கு ஒரு கோப்பைக் காப்பி. வேறொன்றுக்கு ஒரு புட்டி மது. 1936 நவம்பரில் மசூர் எழுதிய 153-ஆம் வினாவுக்கோ உயிருள்ள வாத்து! போர் வந்தது, நகரம் கைமாறியது, அந்த வட்டத்து அறிஞர் பலர் மாண்டனர். ஆனால் வினா மாளவில்லை. 36 ஆண்டுகள் கழித்து, 1972-இல், பெர் என்ஃப்லோ என்னும் சுவீடன் நாட்டு இளைஞர் அதற்கு விடை கண்டார். முதுமை எய்தியிருந்த மசூர் வாக்குத் தவறாமல் வார்சா நகரில் அவர் கையில் வாத்தைக் கொடுத்தார்.

மாட்டுங்காவில் காப்பிக் கடைக்குப் பஞ்சமா, நண்பர்களே? கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி எத்தனை கடைகள்! காப்பி இருக்கிறது, மேசையும் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் ஒன்றுதான் குறை.

கொலாபாவில் இரு நண்பர்கள்

நம் மும்பையிலேயே நடந்த கதை இன்னும் இனியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை ஹோமி பாபா 1945-இல் தோற்றுவித்தார். 1950-களில் அது கேட்வே ஆஃப் இந்தியாவின் அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் இயங்கியது. 1962-இல்தான் கொலாபாவில் இன்றுள்ள சொந்தக் கட்டடத்துக்கு முறைப்படி குடியேறியது. 1953-இல் அந்நிலையத்தில் இரு தமிழ் இளைஞர்கள் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தனர். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, மற்றவர் தண்டரை என்னும் சிற்றூரைச் சேர்ந்த எம். எஸ். நரசிம்மன். இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். இருவரும் சென்னை லயோலாக் கல்லூரியில் ரசீன் பாதிரியார் என்னும் பிரெஞ்சு ஆசிரியரிடம் கணக்குப் பயின்றவர்கள்.

அந்நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பெரும் கணித அறிஞர்கள் வந்து சொற்பொழிவு ஆற்றுவார்கள். அதைக் கேட்ட மாணவர்கள் குறிப்பெடுத்து, விளங்காத இடங்களைத் தமக்குள் விவாதித்து, நூல் வடிவில் எழுதித் தருவார்கள். இன்றும் உலகெங்கும் படிக்கப்படும் அந்நிலைய விரிவுரைத் தொகுதிகள் இவ்வாறு பிறந்தவையே. கேட்டது கால், கலந்து பேசியது கால், பிறர்க்காக எழுதியது அரை என்று பார்த்தால் நன்னூலின் கணக்கு அங்கே அப்படியே நடந்திருக்கிறது.

அந்தப் பட்டறையில் வளர்ந்த இருவரும் சேர்ந்து 1965-இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டனர். நரசிம்மன் - சேஷாத்ரி தேற்றம் என்று உலகம் அதை அழைக்கிறது. அதன் சாரத்தை இவ்வாறு சொல்லலாம்: வளைந்த பரப்பின் மீது அமையும் ஒருவகைக் கணித அமைப்புகளை வடிவியல் வழியே வரையறுக்கலாம், முற்றிலும் வேறான, சமச்சீர்க் குழுக்களின் வழியே எழும் அமைப்புகளும் உண்டு, இரு பட்டியல்களும் ஒன்றே என்று அவர்கள் நிறுவினார்கள். மலையின் இரு பக்கங்களிலிருந்தும் ஏறியவர்கள் ஒரே உச்சியில் சந்தித்தது போல. 1983-இல் டொனால்ட்சன் அதே தேற்றத்துக்குப் பௌதிகத்தின் புலக் கொள்கையோடு உறவுடைய புதிய நிறுவல் ஒன்றைத் தந்தார். கணிதக்காரர் இருவர் பேசிப் பேசிக் கண்டது பௌதிகக்காரர்க்கும் பயன்படும் செல்வமாயிற்று. சேஷாத்ரி 2020-இலும் நரசிம்மன் 2021-இலும் மறைந்தனர். அவர்கள் பெயர்களுக்கு இடையே உள்ள அந்தச் சிறு கோடு மறையாது.

வண்டிக்குள் ஒரு வழக்கு

மேதைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? நாம் நாள்தோறும் ஏறும் லோக்கல் வண்டியையே எடுத்துக்கொள்வோம். வண்டி தாதர் நிலையத்தை நெருங்குகிறது, பிரேக் போடுகிறார்கள். மேலே தொங்கும் கைப்பிடிகள் எல்லாம் முன்னோக்கிச் சாய்கின்றன. ஒரு குழந்தையின் கையில் நூல் கட்டிய கேஸ் பலூன். அது எப்பக்கம் சாயும்?

முதல் நண்பன் சொல்கிறான்: "இதிலென்னலே சந்தேகம்? கைப்பிடி முன்னால போகுது, நாமளும் முன்னால தள்ளப்படுதோம். பலூனும் முன்னாலதான் போகும்."

இரண்டாமவன் சொல்கிறான்: "இல்லை, நான் பார்த்திருக்கிறேன். பின்னால்தான் போனது. ஏன் என்றுதான் தெரியவில்லை."

மூன்றாமவன் கேட்கிறான்: "பெட்டிக்குள் நாமும் பலூனும் மட்டுமா இருக்கிறோம்? காற்றை மறந்துவிட்டீர்களே!"

இந்த ஒரு வாக்கியத்தில் வழக்கின் போக்கே மாறிவிடுகிறது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. பெட்டியின் நீளம் 20 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 2.4 மீட்டர் என்று கொண்டால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் ஏறத்தாழ 200 கிலோ. வண்டி வேகம் குறையும்போது அந்தக் காற்றும் நம்மைப் போலவே முன்னோக்கி நெருக்குகிறது. ஆகவே முன்பக்கம் அழுத்தம் சற்று மிகுதி. பின்பக்கம் சற்றுக் குறைவு. ஹீலியம் பலூனோ தான் விலக்கிய காற்றைவிட இலேசானது. அழுத்தம் குறைந்த பக்கம் அது தள்ளப்படுகிறது. பலூன் மேலே எழுவதற்கும் இதுவே காரணம்: கீழே அழுத்தம் மிகுதி, மேலே குறைவு.

அப்போது அருகிலிருந்த மாணவி ஒருத்தி குறுக்கிடுகிறாள்: "அண்ணா, வண்டியின் கதவுதான் திறந்து கிடக்கிறதே! வெளிக்காற்று அடித்தால் உங்கள் கணக்கு என்னாகும்?" சரியான தடை. ஆகவே வினாவைத் திருத்த வேண்டும். 2017 டிசம்பர் முதல் மும்பையில் ஓடும் கதவடைத்த ஏ.சி. லோக்கலில்தான் இந்தச் சோதனை செல்லும். எந்த நிபந்தனையில் ஒரு விடை சரி என்று கேட்பதே பௌதிகத்தின் உயிர்நிலை. அதை அவள் தொட்டுவிட்டாள்.

இனி அளவு. வண்டியின் வேகம் நொடிக்கு நொடி, நொடிக்கு 1 மீட்டர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. இரண்டின் விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் கைப்பிடி நேர்க்குத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகை முன்னோக்கிச் சாயும். பலூன் அதே 6 பாகை பின்னோக்கிச் சாயும். கைப்பிடியின் வாரும் பலூனின் நூலும் அக்கணத்தில் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்! நால்வரில் எவரும் தனியே இதை முடிக்கவில்லை. தவறான விடை ஒன்று, காரணம் தெரியாத பார்வை ஒன்று, மறந்த பொருளை நினைவூட்டிய சொல் ஒன்று, நிபந்தனை கேட்ட தடை ஒன்று என நான்கும் சேர்ந்தே உண்மை வெளிவந்தது. முதலில் பேசியவனின் விடை தவறுதான். ஆனால் அவன் வாய் திறந்திராவிட்டால் இந்த வழக்கே எழுந்திராது.

கேட்கும் முறையும் சொல்லும் முறையும்

கேட்பதிலும் முறை உண்டு. "இந்தக் கணக்கு வரவில்லை, போட்டுத் தா" என்பது வினா அன்று, இரவல். நல்ல வினாவில் நான்கு செய்திகள் இருக்கும். கொடுக்கப்பட்டது எது, கேட்கப்பட்டது எது, நான் எதுவரை முயன்றேன், எந்த வரியில் நின்றுபோனேன் என்பன அவை. இந்த நான்கையும் எழுதத் தொடங்கினால், பாதி நேரம் எழுதி முடிக்குமுன்பே விடை கிடைத்துவிடும். வினாவை ஒழுங்காக எழுதுவதே விடையின் முற்பகுதி.

விடை சொல்வதிலும் முறை உண்டு. முழுவதையும் போட்டுக் கையில் கொடுத்தால் கேட்டவனின் பசி அடங்கும், செரிமானம் வளராது. "அந்தக் காற்றை மறந்துவிட்டாயே" என்று ஒரு சொல் சொல்லி விலகி நிற்பவனே நல்ல துணைவன். "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல்லையோ நம் சங்கத்தின் வாயிலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும், செருப்பைக் கழற்றுவது போல.

"கைப்பேசியைக் கேட்டால் நொடியில் விடை வருகிறதே, பிறகு நண்பன் எதற்கு?" என்று இன்று கேட்பாருண்டு. நொடியில் வரும் விடையை நான் வெறுக்கவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது தருவது ஆசிரியர் தரும் அதே முதற் கால் பங்குதான். நாம் சொன்னதைக் கேட்டு முகம் சுளித்து, "இந்தப் படி எனக்கு ஏற்கவில்லை" என்று மறுக்கும் தோழனே அடுத்த கால் பங்கைத் தருகிறான். நம் விளக்கத்தைக் கேட்டுக் கண் மலரும் இளையவனே இறுதி அரைப் பங்கைத் தருகிறான். தாராவியில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு நான் கணக்குச் சொல்லித் தருவதுண்டு. "குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் ஏன் வருகிறது, அண்ணா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். விதி எனக்கு மனப்பாடம். ஆனால் அவளுக்குக் காரணம் சொல்வதற்காக நான் அன்றிரவு உட்கார்ந்து எண்ணியதைப் போல் எந்தத் தேர்வுக்கும் எண்ணியதில்லை.

எந்த மொழியில் கேட்பது?

தமிழில் கேளுங்கள். இதைப் பகைமையினால் சொல்லவில்லை. பயன் கருதியே சொல்கிறேன். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறோம். ஆய்வையும் ஆங்கிலத்தில்தான் வெளியிடப் போகிறோம். அதில் மாற்றமில்லை. ஆனால் விளங்கியதா இல்லையா என்ற சோதனை, சிந்திக்கும் மொழியில் நடக்க வேண்டும். வீட்டில் நாம் 'வேகம்' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். வண்டி வேகமாகப் போகிறது என்பதும் வேகம்; வேகம் கூடுகிறது என்பதும் வேகம். பௌதிகத்திலோ வேகம் வேறு, திசையும் சேர்ந்த திசைவேகம் வேறு, அது மாறும் வீதமாகிய முடுக்கம் வேறு. ஒரு நண்பனுக்குத் தமிழில் இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட முயன்றால்தான், நமக்கு அவை பிரிந்திருக்கின்றனவா, அல்லது ஆங்கிலச் சொற்களின் போர்வைக்குள் கலந்தே கிடக்கின்றனவா என்பது வெளிப்படும். சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே வழங்குங்கள்; குற்றமில்லை. காரணத்தை மட்டும் இரவல் வாங்காதீர்கள்.

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பேச்சுப் போட்டி நடத்துகிறது, பட்டிமன்றமும் நடத்துகிறது. அவற்றோடு ஒரு வினாப் பலகையும் வைப்போம். வாரம் ஒரு கணக்கு, ஒரு பௌதிக வினா. வினாவின் கீழே கேட்டவர் பெயர். விடையின் கீழே விடை சொன்னவர் பெயர். முதலாண்டு மாணவரின் வினா என்று இளக்காரம் வேண்டாம். ஆராய்ச்சி மாணவரின் விடை என்று அச்சமும் வேண்டாம். அதே பலகை பழைய இதழ்களோடு சேர்ந்து தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம் தம்பி தங்கையர் கைக்கும் போய்ச் சேரட்டும். பட்டம் கேட்காத அந்தப் பழைய இதழின் பக்கம், ஒருவருக்கு உலகத்தின் கதவைத் திறந்தது. நம் பலகை அவ்வளவு செய்யாவிட்டாலும், எழுந்து நின்று சிரிப்புக்கு ஆளான என் தோழனைப் போன்ற ஒருவரை மீண்டும் எழுந்து நிற்கச் செய்தால் போதும்.

தொடக்கமாக மூன்று வினாக்களை நானே எழுதி வைக்கிறேன்.

முதல் வினா: ஒரு தெருவில் 1 முதல் 8 வரை எண்ணிட்ட வீடுகள். 6-ஆம் வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களைக் கூட்டினாலும் 15. வலப்புறம் உள்ளவற்றைக் கூட்டினாலும் 15. வீடுகளின் எண்ணிக்கை 50-க்கும் 500-க்கும் இடைப்பட்ட தெருவில் இத்தகைய வீடு எது? 1914 டிசம்பரில் இங்கிலாந்தில் ஓர் இதழில் வந்த புதிர் இது. கேம்பிரிட்ஜில் நண்பர் மஹலனோபிஸ் இதைப் படித்துக் காட்டியபோது, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன் இந்தத் தெருவுக்கு மட்டுமன்றி இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து ஒரே தொடர் பின்னமாக விடை சொன்னார்.

இரண்டாம் வினா: 289-ஆம் வினாவில் இராமானுஜன் சேர்த்துக் கேட்ட மற்றொரு கோவை, √(6 + 2√(7 + 3√(8 + ...))). இதன் மதிப்பு என்ன?

மூன்றாம் வினா சற்றுக் குறும்பானது. 4 = √16 = √(1 + 2 × 7½). அந்த 7½ என்பது 56¼-இன் வர்க்கமூலம்; ஆகவே 7½ = √(1 + 3 × 18 5⁄12). இவ்வாறே முடிவின்றித் தொடரலாம். அப்படியானால் முன்னே 3 என்று நாம் கண்ட அதே கோவையின் மதிப்பு 4 என்றும் ஆகிறதே! இரண்டும் சரியாக இருக்க முடியாது. பிழை எந்த வரியில் இருக்கிறது?

விடை தெரிந்தவர் எழுதுங்கள். தெரியாதவர், எதுவரை முயன்றீர்கள் என்பதை எழுதுங்கள்.